கிந்தனாரைக் கேட்காத காதுகள்

லாரல்–ஹார்டி படம் தொடங்கும்போது ஒலிக்கிற அந்தக் குக்கூ மெட்டைக் கேட்டிராதவர்கள் நம் ஊரில் குறைவு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழ் நகைச்சுவையை அடித்திருக்கிறார் ஒரு திரைப்பட விமர்சகர். மாத இதழ் ஒன்றில் வந்திருக்கும் அவருடைய நீண்ட கட்டுரை சொல்வது இவ்வளவுதான். ஹாலிவுட்டில் நகைச்சுவைக்கென்றே இசை மேதைகள் உட்கார்ந்து மெட்டுப் போட்டார்கள். தமிழில் அப்படி எதுவும் நடக்கவில்லை. என்.எஸ். கிருஷ்ணன் காலத்து நகைச்சுவைப் பாட்டுகள் அடுத்தவர் மெட்டைத் திருடியவை. தனியே எடுத்துப் படத்தில் ஒட்டவைத்த துண்டுகளில் இடத்தை அடைக்கப் போட்ட சத்தம் அது. அதைச் செய்தவர்கள் படிப்பறிவு இல்லாத நாடகக் கம்பெனி ஆட்கள். கோயமுத்தூர், சேலம் ஸ்டுடியோக்கள் வாடகைக் கொட்டகைகள். தமிழ்த் திரையிசை என்று சொல்லத்தக்கது பின்னாளில் சென்னையில்தான் பிறந்தது.

இதில் ஒவ்வொரு வாக்கியமும் தவறு. சில தவறுகள் தெரியாமையால் வந்தவை, அவற்றைத் திருத்திவிடலாம். மற்றவை, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும். நான் கோவை கணபதியில் இருந்து எழுதுகிறேன். சிங்காநல்லூரும் புலியகுளமும் எனக்கு டவுன் பஸ் தூரம். அந்த இரண்டு இடங்களிலும் நடந்த வேலையை ‘வாடகைக் கொட்டகை’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போகிறவரைச் சும்மா விட எனக்கு மனமில்லை.

முதலில், அவர் ஆதாரமாகக் கொண்டாடும் குக்கூ மெட்டின் கதை. அதையே அவர் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. லாரலையும் ஹார்டியையும் மனத்தில் வைத்து ஸ்டுடியோவின் பெரிய இசைக்குழு ஒன்று கூடி உருவாக்கியது என்கிறார். நடந்தது வேறு. மார்வின் ஹாட்லி என்ற இசைக்காரர் ஹால் ரோச் ஸ்டுடியோவில் இயங்கிய வானொலி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மணி நேரமும் முடிகிறபோது நேரத்தை அறிவிப்பதற்காக அவர் போட்ட சின்னத் துணுக்குத்தான் அந்த மெட்டு. ஷிப்ட் மாறும் நேரத்தைச் சொல்ல நம் ஊர் மில்களில் சங்கு ஊதுவார்களே, அந்த மாதிரி ஒரு வேலைக்காகப் பிறந்தது அது. நகைச்சுவைக்கும் அதற்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதை வானொலியில் கேட்டவர் ஸ்டான் லாரல். எங்கள் படத்துக்கு இதைத் தாருங்கள் என்று ஹாட்லியிடம் கேட்டு வாங்கினார். மேலே போகிற மெட்டு ராணுவ ஊதுகொம்பு போல மிடுக்காக நடக்கும், அது ஹார்டி. கீழே இரண்டே சுரத்தில் குக்கூ என்று இடறிக்கொண்டு வரும்; அது நான் என்றார் லாரல். 1930இல் இரண்டு கிளாரினெட்டுகளை மட்டும் வைத்து அதைப் பதிவு செய்தார்கள். முழு இசைக்குழுவோடு மறுபடி பதிவானது 1935இல்தான். விமர்சகர் சொல்லும் ‘பெரிய இசைக்குழு’ ஐந்து ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. மெட்டைப் போட்ட ஹாட்லி திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. 1937இல் வந்த ‘வே அவுட் வெஸ்ட்’ படத்தின் இசைக்காக அவர் பெயர் ஆஸ்கருக்கே பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் அந்த மெட்டைப் பாத்திரமாக்கியது ஒரு நகைச்சுவை நடிகனின் காது. எங்கோ எதற்கோ ஒலித்துக்கொண்டிருந்ததைக் கேட்டு, இது என் மெட்டு என்று அவன் அடையாளம் கண்டுகொண்டான். அந்தக் காரியத்தைத் தமிழில் செய்தவர்களைத்தான் இவர் திருடர்கள் என்கிறார்.

அதே ஸ்டுடியோவில் லீராய் ஷீல்டு என்பவரும் இருந்தார். லாரல்–ஹார்டி குறும்படங்களில் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் இசையில் பெரும்பகுதி அவருடையது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் எழுதிய துணுக்குகளைப் படத்துக்குப் படம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். துரத்தலுக்கு ஒன்று, சோம்பலுக்கு ஒன்று, சண்டை மூளப்போகிறது என்பதற்கு ஒன்று. இங்கே ஒரு மெட்டு இரண்டாம் முறை வந்தால் வறட்சி என்று எழுதும் விமர்சகர், அங்கே அதே பழக்கத்தைக் கலை என்று எழுதுகிறார். இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைக்கத் தெரியாதவர் ஒப்பிட்டு எழுதும் வேலையில் இறங்கியிருக்கக் கூடாது.

இனி நம் பக்கம். என்.எஸ். கிருஷ்ணனின் எல்லாப் படங்களுக்கும் பொதுவான ஒரு தலைப்பிசை இருக்கவில்லை. இது உண்மை. அதற்கு ரசனைக் குறைவுதான் காரணம் என்று முடிவு கட்டுகிறார் விமர்சகர். காரணத்தைத் தொழில் நடந்த விதத்தில் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். லாரலும் ஹார்டியும் ஒரே முதலாளியிடம் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். ஒரே ஸ்டுடியோ, அதே இசைக்காரர்கள், ஆண்டுதோறும் வரிசையாகக் குறும்படங்கள். படத்தின் முதல் சட்டத்திலேயே அவர்கள் பெயர். அந்தச் சட்டத்துக்கு ஒரு மெட்டு. என்.எஸ்.கே. அப்படி ஒரே கூரையின்கீழ் இருந்தவர் கிடையாது. முதலில் வெளிவந்த ‘மேனகா’ (1935) திருப்பூர்க்காரர்களின் ஷண்முகானந்தா டாக்கீஸ் எடுத்தது. பின்னாளில் தன் நகைச்சுவை ஜோடியான மதுரத்தை அவர் சந்தித்தது ‘வசந்தசேனா’வுக்காகப் புனே போன இடத்தில். பிறகு கோவை, சேலம், சென்னை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் நடித்தார். ‘மங்கம்மா சபதம்’ (1943) ஜெமினியுடையது. ‘ஹரிதாஸ்’ (1944) கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. தலைப்பு ஓடுகிற நேரம் தயாரிப்பாளருக்கும் கதாநாயகனுக்கும் சொந்தம். அங்கே தன் மெட்டை வைக்க நகைச்சுவை நடிகனுக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆகவே அவர் தன் முத்திரையைப் படத்தின் நடுவில் வைத்தார், பாட்டாக வைத்தார். இது அவர் கண்டுபிடித்த வழியும் இல்லை. தமிழ் மேடையில் சிரிப்புக்காரன் நுழைந்தால் பாட்டோடுதான் நுழைவான். தெருக்கூத்தில் கட்டியக்காரனுக்கு வருகைப் பாட்டு உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் மேடைக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே பபூன் வந்துவிடுவான். ஹார்மோனியம் எடுத்துக் கொடுக்கும், மிருதங்கம் தட்டிக் கொடுக்கும், அவன் அடியெடுத்து வைக்கிற ஒவ்வொரு முறையும் ‘ஆல்ரவுண்ட்’ வாசிப்பவர் ஒரு சத்தத்தைக் கொடுப்பார். பிறகு நடனக்காரி வந்து பபூனோடு தர்க்கம் பாடுவாள். ஒருவர் இழுக்க ஒருவர் வெட்ட, பாட்டிலேயே சண்டை நடக்கும். என்.எஸ்.கே.யும் மதுரமும் பாடிய இருகுரல் பாட்டுகளைக் கேளுங்கள். அவர் அளந்துகொண்டே போவார், மதுரம் ஒரே அடியில் இறக்குவார். ஒரு குரல் மிடுக்கு, மறு குரல் அதன் காலை வாருவது. இரண்டு கிளாரினெட்டுகளில் கேட்டு வியந்த அதே அமைப்பு இரண்டு மனிதக் குரலில் வந்தபோது விமர்சகருக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

என்.எஸ்.கே. பிறந்த ஒழுகினசேரி நாஞ்சில் நாட்டில் இருக்கிறது. வில்லுப்பாட்டின் மண் அது. பாடிக்கொண்டே பேசுவதும், பேச்சை நிறுத்திய இடத்தில் பாட்டைப் பிடிப்பதும், பக்கத்தில் இருப்பவன் ‘ஆமா’ போடுவதும் அங்கே குழந்தைகள் கேட்டு வளர்கிற சத்தம். தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் என்று ஒரு சிரிப்பு ஜோடியும் அந்தப் பக்கம் உண்டு. இத்தனையும் சினிமாவுக்கு முன்பே இருந்தவை. நகைச்சுவைக்கு இசை வேண்டும் என்பதைத் தமிழனுக்குக் கலிஃபோர்னியா சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பேசாப் படக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறியது. தெருவின் பெயர் இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடுதான். அந்தக் காலக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஹார்மோனியமும் தபேலாவும் இருக்கும், கதை சொல்ல ஒருவர் நிற்பார். எடி போலோவின் சாகசத்துக்கும் சாப்ளினின் ஓட்டத்துக்கும் வாசித்தது நம் ஊர் நாடகக் கைகள். எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்பதைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஜனங்களே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பேசும் படம் வந்தபோது அதே கைகள்தான் ஸ்டுடியோவுக்குப் போயின. தொடக்கத்தில் பாட்டும் நடிப்பும் ஒரே நேரத்தில் பதிவாயின. வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள், நடிகன் பாடிக்கொண்டே நடிப்பான். ஒரு பேச்சு இடறினால் மொத்தமும் போயிற்று. அந்த நிலையில் சிரிக்கவைக்க எவ்வளவு தாளக் கட்டுப்பாடு வேண்டும் என்று இவர் ஒரு நிமிடம்கூட யோசித்ததாகத் தெரியவில்லை.

இப்போது திருட்டுக் குற்றச்சாட்டு. இதைத்தான் நான் சுலபத்தில் விடப்போவதில்லை.

‘நல்லதம்பி’ (1949) படத்தில் வரும் கிந்தனார் காலட்சேபத்தை அவர் சாட்சியாக நிறுத்துகிறார். நந்தனார் சரித்திரத்தின் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், சொந்தமாக ஒன்றும் செய்யவில்லை என்பது வழக்கு. அந்தக் காலட்சேபத்தை எழுதியவர் உடுமலை நாராயணகவி. பாகவதராக நின்று நடத்துபவர் என்.எஸ்.கே. கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் எழுதிய நந்தனார் சரித்திரத்தில், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த நந்தன் தில்லைக்குப் போக ஏங்குகிறான். ஆண்டையிடம் அனுமதி கேட்டுக் கெஞ்சுகிறான். நாராயணகவியின் கிந்தனும் அதே மாதிரிப் பிறந்தவன்தான். அவன் ஏக்கம் பள்ளிக்கூடத்தின்மேல். வாத்தியாரால் விரட்டப்படுகிறான், ரயிலேறிச் சென்னைக்குப் போகிறான், படித்துப் பெரிய அதிகாரியாகி ஊருக்குத் திரும்புகிறான். நந்தனுக்குத் தில்லை எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் கிந்தனுக்குப் படிப்பை வைத்தார் கவிராயர்.

இது நந்தனார் என்று தெரியாதவனுக்கு இதில் பாதி விளங்காது. பாட்டு வேலை செய்வதே பழைய மெட்டும் பழைய நடையும் கேட்பவன் காதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால்தான். 1949இல் தமிழ்ச் சனங்களின் காதில் நந்தனார் எவ்வளவு ஆழமாக இருந்தார் என்பதற்குச் சினிமாவே சாட்சி. 1935இல் ‘பக்த நந்தனார்’ வந்தது. நந்தனாராக வேடம் கட்டியவர் நம் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள், அதற்காக அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாயைப் பற்றி நாடே பேசியது. 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’, தண்டபாணி தேசிகர் பாடி நடித்தது. ஏழே ஆண்டில் இரண்டு நந்தனார்கள்! இவை போக ஊர்தோறும் காலட்சேபங்கள். பக்தியோடு கேட்ட அதே நடையை அடுத்த ஏழாம் ஆண்டில் என்.எஸ்.கே. எடுத்துப் பாடியபோது, கொட்டகையில் இருந்தவன் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டான். கோயில் வாசலில் நிற்கிற நந்தனையும், பள்ளிக்கூட வாசலில் விரட்டப்படுகிற கிந்தனையும். சிரித்தான், சிரித்த கையோடு யோசித்தான். மெட்டை மாற்றிப் புதிதாகப் போட்டிருந்தால் இந்த வேலை நடந்திருக்காது.

திருடுகிறவன் எடுத்த இடத்தை மறைப்பான். நாராயணகவி தலைப்பிலேயே அதைச் சொல்லிவிடுகிறார். நந்தனார் என்பதற்குப் பக்கத்தில் கிந்தனார் என்று வைத்த பிறகு எதை மறைத்ததாகக் குற்றம் சாட்டுகிறார் இவர்? மறைத்தவர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவர் கொண்டாடும் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. ‘சிட்டி லைட்ஸ்’ (1931) படத்தில் பூக்காரப் பெண் வரும்போது ஒலிக்கும் மெட்டு ஸ்பானிய இசைக்காரர் ஹோசே பதீயாவின் ‘லா வியோலெதேரா’. பெயரைப் போடாமல் விட்டதற்காக அவர் வழக்குத் தொடுத்தார், சாப்ளின் தோற்றார். சாப்ளினை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. அந்த மெட்டை அவர் பயன்படுத்திய விதம் அற்புதமானது. சாப்ளினுக்குக் காட்டும் மரியாதையில் கால்பங்கு உடுமலைக் கவிராயருக்கும் வேண்டும் என்று கேட்கிறேன்.

அந்தக் காலத்தில் இந்தி மெட்டுகளை அப்படியே இறக்கிப் பாட்டு எழுதச் சொன்ன தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். மறுக்கவில்லை. ஆனால் அது காதல் பாட்டுக்கும் நடந்தது, சோகப் பாட்டுக்கும் நடந்தது, கதாநாயகி ஊஞ்சலில் ஆடும் பாட்டுக்கும் நடந்தது. கதாநாயகன் பாடினால் தாக்கம், நகைச்சுவைக்காரன் பாடினால் திருட்டு. விமர்சகரின் சட்டப் புத்தகத்தில் ஆளுக்கொரு நீதி இருக்கிறது.

தனியே எடுத்து ஒட்டினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. என்.எஸ்.கே. தனக்கென்று ஒரு குழுவை வைத்துக்கொண்டு நகைச்சுவைப் பகுதியைத் தானே எழுதி, தானே எடுத்துக் கொடுத்தார். அப்படித் தனியாக நின்றதால்தான் புராணப் படத்துக்குள் தீண்டாமையைப் பற்றியும் குடியைப் பற்றியும் மூடநம்பிக்கையைப் பற்றியும் பேச முடிந்தது. முதன்மைக் கதையின் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வசனங்களில் ஒன்றுகூடத் திரைக்கு வந்திருக்காது. லாரல்–ஹார்டியின் இரண்டு ரீல் படங்களும் பெரிய படத்தோடு சேர்த்துக் காட்டத் தனியே எடுத்தவைதான். அங்கே அது குறும்படம் என்ற கௌரவமான வடிவம், இங்கே ஒட்டுத் துண்டு!

அடுத்தது ‘படிப்பறிவு இல்லாத நாடகக் கம்பெனி ஆட்கள்’. இந்த ஒரு தொடருக்காகவே விமர்சகர் வெட்கப்பட வேண்டும்.

உடுமலை நாராயணகவி 1899இல் உடுமலைப்பேட்டை பக்கத்தில் பூளவாடியில் பிறந்தார். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். ஆனால் தம்பட்டம், உடுக்கடிப் பாட்டு, ஒயில் கும்மி என்று கொங்கு கிராமத்தின் ஆட்டபாட்டம் அத்தனையிலும் நேரில் இறங்கி வளர்ந்தவர். உடுமலைச் சரபம் முத்துசாமிக் கவிராயரிடம் பாடம் கேட்டவர். சங்கரதாஸ் சுவாமிகளிடமும் பயின்றவர். உடுக்கடிக்கும் கும்மிக்கும் காலைத் தூக்கி வைக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. சொல் எங்கே விழ வேண்டும், அடி எங்கே விழ வேண்டும் என்பது உடம்பில் ஏறிய கணக்கு. அந்தக் கணக்குத் தெரிந்தவர் எழுதியதால்தான் என்.எஸ்.கே.யின் பேச்சுக்குரல் பாட்டில் தடுக்காமல் உட்கார்ந்தது. ‘முதல் தேதி’ (1955) படத்தில் டி.ஜி. லிங்கப்பா இசையில், சம்பளக்காரனின் மாதத்தை இருபது தேதி வரை கொண்டாட்டம், அதன்பின் திண்டாட்டம் என்று பிரித்துக் காட்டும் அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுத் தமிழ், கடைத்தெருச் சொற்கள், தேதிக் கணக்கு. சங்கீதப் பயிற்சி இல்லாதவனும் ஒரு முறை கேட்டுவிட்டுப் பாடிவிடலாம். மாதக் கடைசியில் கையைப் பிசைகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதுவே முத்திரை மெட்டாயிற்று. குக்கூ மெட்டு இரண்டு நடிகர்களை அடையாளம் காட்டியது. இந்தப் பாட்டு ஒரு வர்க்கத்தையே அடையாளம் காட்டியது. இதற்குமேல் நகைச்சுவை இசையிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஜி. ராமநாதன் எங்கிருந்து வந்தார்? காலட்சேபம் செய்த தன் அண்ணனுக்கு ஹார்மோனியம் வாசித்த இடத்திலிருந்து. எஸ்.எம். சுப்பையா நாயுடு எங்கிருந்து வந்தார்? நாடக உலகத்திலிருந்து. தமிழ்த் திரையிசையின் முதல் தலைமுறையில் நாடகத்தையும் காலட்சேபத்தையும் கழித்துவிட்டால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று விமர்சகர் ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கட்டும். படிப்பறிவு என்று அவர் எதைச் சொல்கிறார் என்பதே எனக்கு விளங்கவில்லை. ஒரு ராகத்தை எடுத்து, அதன் கம்பீரத்தைக் கெடுக்காமல், சரியாக ஒரு சுரத்தில் சறுக்கவிட்டுச் சனங்களைச் சிரிக்கவைக்க ராகம் முழுதும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, அந்த வாடகைக் கொட்டகை. சிங்காநல்லூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் ‘ராஜகுமாரி’ (1947) எடுக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம் அது, ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கம், சுப்பையா நாயுடு இசை. அண்ணாவின் ‘வேலைக்காரி’ (1949) ஜூபிடர் பிக்சர்ஸ் அங்கிருந்து எடுத்தது. அதே சிங்காநல்லூரில் பிறந்தவர் எஸ்.வி. சகஸ்ரநாமம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என்.எஸ்.கே. சிறையில் இருந்த காலத்தில், மதுரத்தோடு தோள்கொடுத்து நின்று ‘பைத்தியக்காரன்’ (1947) படம் வெளிவர உழைத்தவர் அவர். புலியகுளத்தில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ. ‘மலைக்கள்ளன்’ (1954) அங்கே உருவானது. அதற்கும் இசை சுப்பையா நாயுடுதான்.

சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் அலுவலகத்துக்கு எடுபிடி வேலைக்கு வந்த ஒரு பையன், வேலை நேரம் போக ஹார்மோனியத்தின் பக்கத்திலேயே கிடந்தான். ‘அபிமன்யு’ (1948) படத்தில் சுப்பையா நாயுடுவின் பெயரில் வந்த ஒரு பாட்டின் மெட்டு உண்மையில் அவனுடையது. ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குப் போன நேரத்தில் நாயுடு இந்த உண்மையை முதலாளியிடம் சொல்லி, அவனைச் சென்னைக்கு அழைத்துக்கொள்ளச் செய்தார். இதை மேடைக்கு மேடை நன்றியோடு சொல்லிக்கொண்டே இருந்தவர் அந்தப் பையனேதான். பின்னாளில் எம்.எஸ். விஸ்வநாதன். சென்னையில் பிறந்ததாக விமர்சகர் எழுதும் அந்த ‘உண்மையான’ இசையின் தலைமகன், கொட்டகை என்று அவர் இழித்துச் சொல்லும் இடத்தில் தொழில் கற்றவர்.

இன்னொரு செய்தியும் உண்டு. சி.ஆர். சுப்பராமன் 1952இல் இளம் வயதிலேயே காலமானார். அவரிடம் வேலை பார்த்த விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும் சேர்த்து நிறுத்தி, ‘பணம்’ (1952) படத்துக்கு இசையமைக்கச் சொல்லி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று பெயரையும் வரிசைப்படுத்திக் கொடுத்தவர் அந்தப் படத்தின் இயக்குநர். அவர் பெயர் என்.எஸ். கிருஷ்ணன். மெட்டுத் திருடியவர் என்றும் இட்டு நிரப்பியவர் என்றும் எந்த நகைச்சுவை நடிகரை இவர் எழுதுகிறாரோ, தமிழ்த் திரையிசையின் மிகப் பெரிய இரட்டையரை ஜோடி சேர்த்தது அவருடைய காது. லாரல் ஒரு மெட்டைக் கண்டுபிடித்தார் என்று பக்கம் பக்கமாக வியக்கிறவர், என்.எஸ்.கே. இரண்டு இசையமைப்பாளர்களைக் கண்டுபிடித்ததை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. தெரியாமல் விட்டிருந்தால் எழுதத் தகுதி இல்லை. தெரிந்தே விட்டிருந்தால் நேர்மை இல்லை.

லீராய் ஷீல்டின் இசைக்குறிப்புகள் கைக்குக் கிடைக்காத நிலையில், நெதர்லாந்தைச் சேர்ந்த ‘போ ஹங்க்ஸ்’ குழுவினர் 1990களில் பழைய படங்களின் ஒலித்தடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டே, வசனத்துக்கு அடியில் புதைந்துகிடந்த சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து எழுதினார்கள். பிறகு அதே வாத்தியங்களில் வாசித்துப் பதிவு செய்தார்கள். தங்கள் நாட்டுக்காரர்கூட இல்லாத ஒருவரின் நகைச்சுவை இசைக்காக அவ்வளவு உழைப்பு. நம் 1930களின் படங்களில் பெரும்பாலானவை அழிந்தே போய்விட்டன. மிஞ்சியவற்றின் பாட்டுப் புத்தகங்களில் பாடலாசிரியர் பெயர் இருக்கும். ஹார்மோனியம், மிருதங்கம், கிளாரினெட் வாசித்தவர்கள் பெயரை எங்கே தேடுவது? விமர்சகருக்கு உண்மையாகவே இந்த இசையில் அக்கறை இருந்தால் செய்ய வேண்டிய வேலை அங்கே கிடக்கிறது. இருக்கிற பிரதிகளைக் கேட்டு எழுதலாம், ஸ்டுடியோக்களில் வாசித்தவர்களின் பிள்ளைகள் பேரன்கள் இருக்கும்போதே போய்க் கேட்கலாம். அதைச் செய்யாமல், கேட்காததை எல்லாம் இல்லாதது என்று எழுதினார்.

அந்தக் கட்டுரை விரிவாக நூலாகவும் வரப்போவதாக இதழின் அடிக்குறிப்பு சொல்கிறது. தமிழ் நகைச்சுவைப் பாட்டைப் பற்றிய அத்தனை பக்கங்களில் உடுமலை நாராயணகவி என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. கிந்தனாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர் அதை எழுதியவரின் பெயரைக்கூடச் சொல்லாமல் தாண்டிப் போகிறார். அச்சுக்குக் கொடுக்கும் முன் நந்தனாரையும் கிந்தனாரையும் அடுத்தடுத்து வைத்து ஒரு முறை அவர் கேட்கட்டும். கேட்ட பிறகும் திருட்டு என்றுதான் தோன்றுகிறதென்றால், எந்த அடி, எந்த இடம், எதை மறைத்தார்கள் என்று எடுத்துக்காட்டி எழுதட்டும். நான் வரிக்கு வரி பதில் சொல்கிறேன். எடுத்துக்காட்ட முடியவில்லையென்றால் அந்த அத்தியாயத்தை நீக்கிவிட வேண்டும்.